சோறும் ஞாயிறும்: தாது வருடப் பஞ்சமும் ‘சோற்றுக் கிறித்தவர்’ என்னும் பழியும்

சித்தூரிலிருந்து பலமனேருக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த பங்காருபாளையம் இன்று மாங்காய்ச் சந்தையால் அறியப்படும் ஊராகும். சித்தூர்ப் பாளையங்கள் எனப் பெயர்பெற்றவற்றுள் ஒன்றைச் சார்ந்த இவ்வூர், 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்படும் வரை சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் நிலப்பகுதி இது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்ததும், 1960இல் எல்லைச் சீரமைப்பின்வழித் திருத்தணி தமிழகத்தோடு இணைந்ததும் எல்லைப் போராட்ட வரலாறாக விரிவாக எழுதப்பட்டுள்ளன. எல்லைக்கு அப்பால் நின்றுவிட்ட ஊர்களின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாறோ தமிழ்த் துறைகளின் பார்வையிலிருந்து நழுவிவிட்டது. 1853இல் ஸ்கடர் சகோதரர்களால் நிறுவப்பட்ட அமெரிக்க ஆர்க்காடு மிஷன் வேலூரையும் சித்தூரையும் ஆரணியையும் ஒரே பணிக்களமாகக் கொண்டிருந்தது. இன்று அம்மிஷனைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வேலூர் மருத்துவமனையோடு நின்றுவிடுகின்றனர்.

இப்பகுதியின் ஒடுக்கப்பட்ட மக்களுள் கிறித்தவம் தழுவியோரைக் குறித்து ஒரு சொல் நூறாண்டுகளுக்கும் மேலாக வழங்கி வருகிறது. ‘ரைஸ் கிறிஸ்டியன்’ என ஆங்கிலத்தில் தோன்றி, ‘சோற்றுக் கிறித்தவர்’ எனவும், பிற்காலத்தில் ‘பால்பவுடர் கிறித்தவர்’ எனவும் தமிழில் உருமாறிய இழிசொல் அது. மேடைப் பேச்சில் வழங்கும் இச்சொல்லை ஆய்வுலகம் நேரடியாகக் கையாள்வதில்லை. ஆயினும் ‘பொருளாதாரக் காரணங்களுக்காக மதம் மாறினர்’ என்னும் நாகரிகமான தொடர் வாயிலாக அதே கருத்து ஆய்வுக் கட்டுரைகளில் உலவுகிறது. தொடர் மாறினும் கருத்து ஒன்றே. பசித்தவனுக்கு வயிறு மட்டுமே உண்டு, எண்ணிப் பார்க்கும் அறிவு இல்லை என்பதே அக்கருத்து. இங்கு மறுக்கப்படுவது இக்கருத்தேயாகும்.

தமிழ்த் துறைகள் இப்பழியை மறுக்காமைக்குக் காரணம் பகைமையன்று, பாடத்திட்டமே. கிறித்தவத் தமிழ் இலக்கியம் என்றவுடன் தேம்பாவணி, சதுரகராதி, கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம், போப்பின் திருவாசக மொழிபெயர்ப்பு, இரட்சணிய யாத்திரிகம் என ஓர் அணிவகுப்பு வந்து நிற்கிறது. இவை ஆராயத்தக்கனவே. ஆயினும் இவற்றை ஆராயும் முறையிலும் ஒரு குறை உண்டு. இரட்சணிய யாத்திரிகத்தில் கம்பனின் தாக்கம் குறித்து எழுதப்பட்டதில் நூறில் ஒரு பங்கேனும், அதன் மூலநூலை எழுதிய ஜான் பனியன் உரிமமின்றிப் போதித்த குற்றத்துக்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டு சிறையில் கிடந்தவர் என்னும் செய்தி குறித்து எழுதப்பட்டதா? கொடிய அரசின்கீழ் அடைபட்ட ஒருவரின் எதிர்பார்ப்பே அந்நூலின் உயிர். அது தமிழுக்கு வந்தபின் உவமையும் யாப்பும் மட்டும் எண்ணப்பட்டன. பெத்லகேம் குறவஞ்சியின் அழகைப் போற்றுவோர், அதன் ஆசிரியர் வேதநாயக சாஸ்திரியார் திருச்சபையில் சாதி வேறுபாட்டை நீக்க முயன்ற மறைப்பணியாளர்களை எதிர்த்து 1829இல் எழுதியதை அடிக்குறிப்பில்கூடச் சேர்ப்பதில்லை.

இவ்விடத்தில் ஒரு சொல் குறித்துக் கூறுதல் வேண்டும். சீர்திருத்தச் சபையாரின் பழைய தமிழ் வேதாகமத்தில் ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’ என வரும் மூன்றும், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’ என வருகின்றன. முன்னதில் வரவிருப்பதைக் காத்திருத்தலைக் குறித்த ‘நம்பிக்கை’, பின்னதில் இறைப்பற்றைக் குறிக்கிறது. ‘பஞ்சத்தில் அவர்களுக்கு நம்பிக்கை இருந்ததா?’ என்று கேட்போர், விசுவாசத்தைக் கேட்கின்றனரா, எதிர்நோக்கைக் கேட்கின்றனரா எனத் தெளிவுபடுத்துவதில்லை. இறையியல் தேர்வில் தேறினரா என்பது முதல் வினா. தம் நிலை மாறக்கூடும் என எண்ணினரா என்பது இரண்டாம் வினா. வரலாற்று ஆய்வுக்குரியது இரண்டாவதே.

பஞ்சமும் அரசும்

தாது வருடம் தொடங்கி ஈசுவர வருடத்திலும் நீடித்த 1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தில் தென்னிந்தியாவிலும் தக்காணத்திலுமாக 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. மழை பொய்த்தது உண்மை. மழை பொய்த்ததனால் மட்டும் அத்தனை பேர் மாளவில்லை. தானிய வணிகத்தில் தலையிடக்கூடாது என்னும் கொள்கையால் ஏற்றுமதி தடுக்கப்படவில்லை. 1877 சனவரி முதல் நாளில் வைசிராய் லிட்டன் தில்லியில் பேரரசி பட்டமேற்பைக் கொண்டாடினார். அதே மாதத்தில் அவர் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்து நிவாரணச் செலவைக் குறைத்தார். நாள் முழுதும் மண் சுமந்த ஆணுக்கு ஒரு பவுண்டுத் தானியமும் சிறிது காசும் போதும் என்பது டெம்பிளின் கணக்கு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இவ்வளவு உணவில் உழைக்கும் உடல் நிற்காது என எதிர்த்து வாதிட்டார். அவ்வாண்டின் இடையில் கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் முகாம்கள் பிணக்காடாகிவிட்டன. சென்னை நகரத்தார் இங்கிலாந்து மக்களிடம் நேரே உதவி கேட்டதையும் லிட்டன் விரும்பவில்லை.

இது மேலே இருந்த ஆட்சி. கீழே ஊருக்குள் வேறோர் ஆட்சி இருந்தது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமைமுறைக்குச் சட்டப் பாதுகாப்பை நீக்கியிருந்தபோதும், பறையர், மாலர், மாதிகர் ஆகியோர் நிலவுடைமையாளரிடம் கடனாலும் மரபாலும் கட்டுண்டே கிடந்தனர். வெட்டி வேலை, செத்த மாட்டை அகற்றல், திருவிழாவுக்குப் பறையடித்தல் ஆகியவற்றை மறுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. பஞ்சத்தில் முதலில் மாண்டோர் நிலமற்ற இக்கூலிகளே. வில்லியப்ப பிள்ளையின் பஞ்சலட்சணத் திருமுகவிலாசம் போன்ற நூல்களும் கும்மிப் பாடல்களும் பஞ்சத்தின் கொடுமையைத் தமிழில் பதிந்துள்ளன. எனினும் சேரிக்குள் நின்று பேசும் குரலை அவற்றில் தேடிக் காண்பது கடினம்.

ஓங்கோல் தரும் சான்று

‘சோறு காட்டி மதம் மாற்றினர்’ என்பது உண்மையாயின், சோறு வழங்கிய மாதங்களே திருமுழுக்கு மிகுந்த மாதங்களாகவும் இருத்தல் வேண்டும். இதனை ஆண்டு, மாதக் கணக்கால் சோதிக்க இயலும். அதற்கு வாய்ப்பான இடம் அதே ஆந்திர நிலத்தின் ஓங்கோல்.

அமெரிக்கப் பாப்திஸ்து மிஷனைச் சேர்ந்த ஜான் கிளஃப் இறைப்பணிக்கு வருமுன் நில அளவையாளராக இருந்தவர். பஞ்ச நிவாரணமாகப் பக்கிங்காம் கால்வாய் வெட்டப்பட்டபோது, அதில் மூன்று மைலுக்கு மேற்பட்ட பகுதியை அவரே ஒப்பந்தமாக எடுத்தார். பிற பகுதிகளில் மேற்பார்வையாளர்கள் மாதிகத் தொழிலாளரைச் சாதி கூறி இழித்தும் அடித்தும் வந்தனர் என்பதே அதற்குக் காரணம். அம்முகாமில் ஆயிரக்கணக்கானோர் கூலி பெற்று உயிர் பிழைத்தனர். அவருள் பலர் திருமுழுக்குக் கேட்டும் கிளஃப் ஏறத்தாழ 15 மாதம் எவருக்கும் வழங்கவில்லை. நிவாரணப் பணமும் திருமுழுக்கும் ஒரே காலத்தில் நிகழலாகாது என்பது அவர் முடிவு. பணி நிறைவுற்று நிவாரணம் நின்றபின், ‘இனிக் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை’ என்னும் செய்தி அறிவிக்கப்பட்டது. அதன் பின்னரும் மக்கள் வந்தனர். 1878 சூலை 3ஆம் நாள் குண்டலகம்மா ஆற்றங்கரையில் ஒரே நாளில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர். அவ்வாண்டு முடிவதற்குள் அத்தொகை 9,600ஐக் கடந்தது.

நன்றியுணர்வால் வந்தனர் என்று கூறலாம். ஆயின் நன்றியுணர்வு விலைபேசுதல் ஆகாது. இதனினும் முதன்மையான செய்தி, இம்மாற்றம் பஞ்சத்துக்கு முன்னரே தொடங்கியது என்பது. ஓங்கோல் பகுதியில் இதனைத் தொடங்கியவர் எர்ரகுண்ட்ல பேரையா என்னும் மாதிகர். தோல் வாங்கி விற்ற அவர் 1866இல் திருமுழுக்குப் பெறுமுன் பல்லாண்டு இராசயோகக் குருமார்களை நாடிச் சென்றவர். எம்மா ரௌஷன்புஷ் கிளஃப் 1899இல் வெளியிட்ட நூல் இதனை விரிவாகக் கூறுகிறது. வயிற்றுக்காக வந்தவர் எனக் கூற முடியாத ஒருவர் காட்டிய வழியில், தம் உறவின்முறை வழியாகவே மாதிகர்கள் வந்தனர். வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் ஊராகச் சென்று கூட்டிவந்தார் என்பது கிளஃபைப் புகழ்வோரும் இகழ்வோரும் ஒருசேரச் செய்யும் பிழை.

வட ஆர்க்காட்டிலும் திருநெல்வேலியிலும் நிலை இவ்வளவு தெளிவாக இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பஞ்ச காலத்திலேயே பல்லாயிரவர் சபைகளை நாடினர். மழை பெய்தபின் ஒரு பகுதியினர் விலகிச் சென்றதை மறைப்பணியாளர்களே தம் அறிக்கைகளில் எழுதியுள்ளனர். பழி கூறுவோர் பெரிதும் விரும்பிக் காட்டும் சான்று இது. இச்சான்று எதனை நிறுவுகிறது? வந்தவர் வேண்டாமெனத் திரும்பிச் செல்ல முடிந்தது என்பதை. விலைக்கு வாங்கப்பட்டவர் விலகிச் செல்ல இயலாது. நிலவுடைமையாளரிடம் கடன்பட்ட படியாள் அவ்வாறு விலகிச் சென்றிருக்க முடியுமா? சென்றோரும் நின்றோரும் தம் நிலையை எடைபோட்டே முடிவு செய்தனர். சென்றோரை மட்டும் சான்றாக்கி நின்றோரைக் கணக்கில் சேர்க்காமை ஆய்வு நெறியாகாது.

கேட்கப்பட்டது எது?

நின்றோர் பெற்றது எது என்னும் வினாவை இனி எழுப்பலாம். கிளஃபின் சபையில் சேர்வோர்க்கு மூன்று கட்டளைகள் இருந்தன. ஞாயிறன்று வேலை செய்யலாகாது. செத்த மாட்டின் இறைச்சி உண்ணலாகாது. உருவ வழிபாடு செய்யலாகாது. இம்மூன்றையும் சமயக் கட்டளைகளாக மட்டும் வாசிப்போர் ஊரின் அமைப்பை மறந்து வாசிக்கின்றனர். சிலை முன் நிற்கலாகாது என்றால் திருவிழாவில் பறையடிக்கலாகாது எனப் பொருள். செத்த மாட்டை உண்ணலாகாது என்றால் இழிவென ஊர் விதித்த உணவை மறுத்தல் எனப் பொருள். ஞாயிறன்று வேலையில்லை என்றால், அறுவடைக் காலமேயாயினும் ஏழு நாளில் ஒரு நாள் ஆண்டையின் வயலுக்குப் போகமாட்டேன் எனப் பொருள். ஊரார் இதனை நன்கு புரிந்துகொண்டனர். புதிதாய்ச் சேர்ந்தோர் அடிபட்டனர், நீர்நிலையில் தடுக்கப்பட்டனர், வேலை மறுக்கப்பட்டனர். சோற்றுக்காகச் சேர்ந்தவர் எனில், சேர்ந்ததனாலேயே கூலிச் சோற்றை இழக்க இசைந்தது எங்ஙனம்?

தமிழ் வாசகர்க்கு இது புதிதன்று. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் நந்தன் தில்லை செல்ல விடை கேட்கிறான். ஆண்டை நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போகச் சொல்கிறார். பெரிய புராணத்தில் இல்லாத இவ்வாண்டையைப் பாரதியார் படைத்துக் கொண்டமைக்குக் காரணம், அவர் வாழ்ந்த தஞ்சை மண்ணில் படியாளின் பக்தி என்பது ஆண்டையிடம் விடுப்புக் கேட்பதாகவே இருந்தது என்பதே. நந்தனின் எதிர்நோக்கைப் பக்தி எனக் கொண்டாடும் ஆய்வு, அதே விடுப்பைக் கேட்ட பறையரையும் மாதிகரையும் சோற்றுக்கு வந்தோர் எனக் கூறுவதில் நேர்மை இல்லை.

அதே பாரதியாரின் வாழ்வில் மற்றொரு செய்தியும் உண்டு. தாது வருடப் பஞ்சத்தில் மாயூரத்தில் கஞ்சி வார்த்துப் பலரைக் காத்தவர் வேதநாயகம் பிள்ளை. அவர் கத்தோலிக்கர், மாவட்ட முன்சீபாகப் பணியாற்றியவர். 1878இல் வெளிவந்த அவருடைய சர்வசமய சமரசக் கீர்த்தனைகளுள் பஞ்சம் தீர இறைவனை வேண்டும் பாடல்களும் இடம்பெற்றுள்ளன. அவர் கொடையைப் போற்றிச் சைவராகிய பாரதியார் கீர்த்தனை பாடினார். கிறித்தவர் ஒருவர் இந்துக்களுக்கு இட்ட கஞ்சியை எவரும் தூண்டில் என்று கூறவில்லை, கூறவும் கூடாது. சத்திரத்துச் சோறு உண்டவரையும் ‘சத்திரத்துச் சைவர்’ என எவரும் அழைத்ததில்லை. 1867இல் வடலூரில் தொடங்கிய தருமச்சாலையில் உண்டோரின் சன்மார்க்கப் பற்றையும் எவரும் ஐயுறவில்லை. இரண்டே சாதிக் குழுக்கள் உண்ட சோறு மட்டும் ஏன் ஐயத்துக்கு இடமாயிற்று? சோறு பெற்றதனால் வந்த சினம் அன்று இது. சோறு பெற்றபின் அவர்கள் மறுத்த வேலையால் வந்த சினம்.

மிஷன்களுக்கும் பதில் உண்டு

இவ்வாறு கூறுவதால் மறைப்பணி வரலாறுகள் தம்மைத்தாமே புகழ்ந்து எழுதியவை மெய்யாகிவிடா. கஞ்சித் தொட்டியருகே நின்ற பாதிரிமாருள் பெரும்பாலோர் பிரித்தானிய ஆட்சியை இறைவனின் ஏற்பாடு எனக் கருதியவர்களே. நிவாரணக் குழுக்களில் அமர்ந்து பணம் பங்கிட்டோர், அப்பஞ்சத்தைப் பெரிதாக்கிய வரிக்கொள்கையை எதிர்த்துப் பேசியது மிகக் குறைவு. சபைக்குள் சாதி நீடித்ததை அயோத்திதாசர் தம் தமிழன் இதழில் கடுமையாகத் தாக்கினார். அத்தாக்குதலில் நேர்மை உண்டு. ஆர்க்காடு மிஷன் சாதியைச் சபைக்குள் ஒப்புக்கொள்ளாத விதியைத் தொடக்கத்திலேயே வகுத்துக்கொண்டது. வேறு பல சபைகள் தனி இருக்கை, தனிக் கல்லறை என இணங்கிப்போயின.

ஆயினும் பஞ்சம் அவருள் சிலருக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தது. கஞ்சி வார்த்துக் காத்த குடும்பம் மழை வந்ததும் அதே ஆண்டையிடம் அதே கடனுக்குத் திரும்பிச் செல்வதைக் கண்டனர். செங்கற்பட்டில் ஸ்காத்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரூவும், திருவள்ளூர்ப் பகுதியில் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடியும் நிலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினர். 1891இல் செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் அளித்த அறிக்கையும், 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட அரசாணையும், பின்னர்ப் பஞ்சமி நிலம் எனப் பெயர்பெற்ற ஒதுக்கீடும் இவ்வழி வந்தவை. மிராசுதாரரும் வருவாய்த் துறையின் ஒரு பகுதியினரும் இதனை எதிர்த்தனர். எதிர்த்தோர் கூறிய காரணம், மிஷன்கள் பறையரைத் தூண்டிவிடுகின்றன என்பது. தாமாகப் பறையருக்கு நிலத்தின்மேல் ஆசை வராது என்னும் துணிபு அதனுள் இருக்கிறது. அந்நிலங்களுள் பெரும்பகுதி பிறர் கைக்குச் சென்றதும், அதனை மீட்கக் கோரிய போராட்டத்தில் 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்ததும் தமிழர் அறிந்த செய்தி. இறந்த இருவரின் பெயர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நிலம் கேட்டதில் சமய வேறுபாடு இல்லை என்பது விளங்கும்.

அறிவில்லார் என்னும் துணிபு எளிய மனிதரிடம் மட்டும் காணப்பட்டதன்று. 1936இல் அமெரிக்கச் சபைத் தலைவர் ஜான் மாட்டுடன் உரையாடிய காந்தியடிகள், தாழ்த்தப்பட்ட மக்களிடம் நற்செய்தி கூறுவதைப் பற்றிப் பேசுகையில், புரிந்துகொள்ளும் ஆற்றலுக்குப் பசுவை ஒப்புமையாகக் காட்டினார். அவர்மேல் எத்துணை மதிப்புடையோரும் இவ்வொப்புமையை நியாயப்படுத்த இயலாது. அதே காலத்தில் இதற்கு எதிர்நிலையில் நின்றவர் ஒரு தமிழர். திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் தோர்ணக்கல் ஆயராகி, 1945இல் மறையும் வரை தெலுங்கு மாலர், மாதிகரிடையே வாழ்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, அம்மக்கள் தம் நன்மையைத் தாமே அறிந்து முடிவு செய்தனர் என வாதிட்டார். கிறித்தவர்க்குத் தனித்தொகுதி வேண்டாம் என்று கூறியவரும் அவரே. அரசியல் ஆதாயத்துக்காக எண்ணிக்கை பெருக்கினார் என்னும் குற்றச்சாட்டு அவர்மேல் ஒட்டாது. தெலுங்கு நாட்டில் பணியாற்றிய இத்தமிழரைத் தமிழ்த் துறையும் தெலுங்குத் துறையும் ஒருங்கே கைவிட்டன.

பழி இன்றும் வாழ்கிறது

இவ்வாய்வு பழங்கதை பேசுவதன்று. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினர் என்னும் தகுதியை இந்துக்களுக்கு வரையறுத்தது, 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. ஆந்திரத்தில் கிறித்தவராக மாறிய பட்டியல் சாதியினர் பிற்பட்டோர் ‘சி’ பிரிவில் ஒரு விழுக்காட்டுக்குள் வைக்கப்பட்டனர். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு வழக்கில், கிறித்தவ வழிபாட்டில் இருந்துகொண்டு ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து எனக் கூறுதல் அரசமைப்பின்மீது செய்யும் மோசடி எனத் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரலில் ஆந்திர உயர் நீதிமன்றம், போதகராகப் பணியாற்றிய ஒருவர் சாதி கூறி இழிவுபடுத்தப்பட்டதாகத் தொடுத்த வழக்கில், மதம் மாறியவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர இயலாது எனக் கூறியது. திட்டியவர் சாதியை மறக்கவில்லை; சட்டம் மறந்துவிட்டது.

சோற்றுக் கருதுகோளை இத்தீர்ப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். ஆதாயம் இருக்கும் பக்கம் சாய்பவர் என்றால், 1950க்குப் பின் ஆதாயம் முழுதும் மறுபக்கத்தில் இருக்கிறது. கல்வி உதவி, வேலை, தனித்தொகுதி, சட்டப் பாதுகாப்பு ஆகிய யாவும் ஒரு சான்றிதழில் அடங்கியுள்ளன. எழுபத்தைந்து ஆண்டுகளாகச் சபைகள் காலியாகவில்லை. சான்றிதழில் இந்து எனப் பதிந்துகொண்டு ஞாயிறன்று ஆலயம் செல்வோர் உளர் என்பது ஊரறிந்தது. நீதிமன்றம் அதனை மோசடி எனக் காண்கிறது. வரலாற்று ஆய்வாளர் வேறொன்றைக் காணவேண்டும். வெளிப்படின் வேலை போகும் என அறிந்தும் அவர்கள் கைவிடாத அந்த ஒரு நாள் எத்தகையது என்பதே ஆராய்ச்சிக்குரிய வினா.

அதற்கு வேண்டுவன கருத்துரைகள் அல்ல, மூல ஆவணங்கள். ஆர்க்காடு மிஷனின் தாய்ச்சபை ஆவணங்கள் அமெரிக்காவின் நியூ பிரன்சுவிக்கில் உள்ளன. தென்னிந்திய மிஷன்களின் தாள்கள் பல பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரிக் காப்பகத்தில் கிடைக்கின்றன. இவற்றைத் தமிழ்ப் பனுவல்களாகக் கருதி முனைவர் பட்டத்துக்கு எடுக்கத் துறைகள் இசையவேண்டும். சித்தூர், பலமனேர், மதனப்பள்ளி ஆகிய இடங்களின் சபைப் பதிவுகளைத் தெலுங்கு அறியாதவர் பாதியே வாசிக்க இயலும். தமிழ் அறியாதவர் மற்றப் பாதியை. எனவே முனைவர் பட்ட மாணவர்க்கு அயல்மொழித் தாளாகத் தெலுங்கை வைப்பதிலிருந்து இப்பணி தொடங்கலாம்.